காற்றோடு போன பேச்சு

பேச்சு பிறந்த அக்கணமே மறையும் இயல்புடையது. ஒருவர் வாயினின்று எழுந்து மற்றொருவர் செவியிற் புகுந்தபின் அது எங்கும் நிற்பதில்லை. பாட்டுக்கு யாப்பு உண்டு. அது பாட்டை நினைவில் நிறுத்தும். கதைக்கு நிகழ்ச்சித் தொடர்பு உண்டு. அதனைப் பற்றிக்கொண்டு கதையைத் திரும்பச் சொல்லிவிடலாம். நால்வர் கூடியிருந்து நயம்படப் பேசும் பேச்சுக்கோ அத்தகைய பிடி எதுவும் இல்லை. நேற்றிரவு திண்ணையிற் பேசியதை இன்று காலையிற் சொல் மாறாமல் திருப்பிச் சொல்லுங்கள் என்றால் யாராலும் இயலாது.

1877-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு எடிசன், ஒலியைப் பதித்து அதனையே மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறியொன்றை அமைத்தார். இனிப் பேச்சுக்கு அழிவில்லை என்று உலகம் மகிழ்ந்தது. ஆயினும், அதன்பின் வந்த நூறாண்டுகளில், பதிவாகிய பேச்சுகளும் ஏராளமாக அழிந்துபோயின. அவற்றுட் பெரும்பகுதியைக் கடல் கொள்ளவில்லை; பகைவர் கொளுத்தவில்லை. நல்லவர்களே, சிக்கனம் கருதி, தம் கையாலேயே அழித்தனர். அவ்வழிவு எவ்வாறு நேர்ந்தது என்பதனையும், பொருநைக் கரையில் வாழும் நமக்கு அதனோடு என்ன தொடர்பு என்பதனையும் இப்பாடத்திற் காண்போம்.

நம் மாநிலத்தில் வானொலியின் வரலாறு 1924-ஆம் ஆண்டிலே தொடங்குகிறது. அவ்வாண்டு கிருஷ்ணசாமிச் செட்டியார் என்பவர் முன்னின்று சென்னையில் வானொலிக் கழகம் ஒன்றை நிறுவி ஒலிபரப்பு நடத்தினார். பொருள்முடையால் 1927-இல் அக்கழகம் ஓய்ந்தது. 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அதற்கு அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளி நிலையமும் எழுந்தன. திருநெல்வேலி நிலையம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன்பின் மாலை வேளைகளில் ஊர்ப் பொதுவிடங்களில் வானொலிப் பெட்டியைச் சுற்றி மக்கள் கூடியிருந்து, நம் பக்கத்துப் பேச்சு வழக்கிலேயே உழவுச் செய்தியும் உரையாடலும் கேட்டு மகிழ்ந்தனர்.

தொடக்க காலத்து நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பப்பட்டன. பேசுவோர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசுவர். அப்பேச்சு அந்நொடியிலேயே வான்வழிச் சென்று கேட்போர் செவியை அடையும். பேசியவர் எழுந்து சென்றதும் பேச்சும் போயிற்று. அழிப்பதற்கே அங்கு ஒன்றும் இல்லை. அழித்தல் என்னும் தொழில் பின்னர் வந்த காந்த ஒலிநாடாவோடுதான் வந்தது.

ஒலிநாடா இயங்கும் முறையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்றின் ஒரு புறத்தில், இரும்புத் துருவை ஒத்த நுண்துகள்கள் பூசப்பட்டிருக்கும். பேச்சொலி மின்னலையாக மாறி, ஒரு சிறு மின்காந்தத்தின் வழியே சென்று, அந்நாடா ஓடும்போது அத்துகள்களைக் காந்தமூட்டும். ஒலியின் ஏற்ற இறக்கத்திற்கேற்பக் காந்தத்தின் அளவும் ஏறி இறங்கும். அந்நாடாவை மீண்டும் ஓடவிட்டால் அதே ஒலி பிறக்கும். இதில் உற்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பதிவு செய்யும் பொறியில், எழுதும் முனைக்கு முன்னே அழிக்கும் முனை ஒன்று அமைக்கப்பட்டிருக்கும். நாடா முதலில் அழிமுனையைக் கடந்து, துடைத்துத் தூய்மையாகி, அதன் பின்னரே எழுதுமுனைக்கு வரும். ஆகவே, முன்பதிவு உள்ள நாடாவில் ஒன்றைப் புதிதாகப் பதிவதும் பழையதொன்றை அழிப்பதும் ஒரே செயலாகிவிடும். பதிபவர் பழையதைக் கேட்டுப் பார்க்க வேண்டுவதில்லை. அழிக்கிறோம் என்ற எண்ணமும் அவருக்கு எழ வேண்டுவதில்லை.

காட்சியையும் ஒலியையும் ஒருங்கே பதியும் நாடாக்கள் 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தன. அவை இரண்டு அங்குல அகலம் உடையவை, பெருஞ்சுருள்களாக இடத்தை அடைப்பவை, விலையும் மிக்கவை. ஒரே நாடாவில் மீண்டும் மீண்டும் பதியலாம் என்பதே அவற்றின் சிறப்பாகப் பேசப்பட்டது. வணிகர் கண்ணுக்குச் சிறப்பாகத் தோன்றிய அதுவே வரலாற்றுக்குக் கேடாக முடிந்தது.

அந்நாட்டு என்.பி.சி. நிறுவனம் 1954 முதல் 'டுநைட்' என்னும் நிகழ்ச்சியை நாள்தோறும் பின்னிரவில் ஒளிபரப்பி வந்தது. நடிகர், எழுத்தாளர், அரசியல் தலைவர், பாடகர் முதலியோரை அழைத்து இருக்கையில் அமர்த்தி, நகைச்சுவையோடு உரையாடுவதே அந்நிகழ்ச்சி. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஜானி கார்சன் என்பவர் அதன் தலைமையை ஏற்று, முப்பது ஆண்டுகள் நடத்தினார். 1972-இல் அந்நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு இடம் மாறியது. அதற்கு முற்பட்ட பத்தாண்டு நிகழ்ச்சிகள் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிட்டன. நாடாவைத் துடைத்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டனர். கார்சன் முதன்முதல் மேடையேறிய இரவின் ஒலி மட்டும் எஞ்சியுள்ளது, காட்சி இல்லை.

1968-ஆம் ஆண்டு பிப்ரவரியில், கருப்பினப் பாடகர் ஹாரி பெலபாண்டே ஒரு வாரம் கார்சனுக்கு மாற்றாக அமர்ந்து அந்நிகழ்ச்சியை நடத்தினார். மார்ட்டின் லூதர் கிங்கும் இராபர்ட் கென்னடியும் விருந்தினராக வந்து அவரோடு உரையாடினர். அவ்வாண்டு ஏப்ரலில் கிங்கும், ஜூனில் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வார நிகழ்ச்சிகளிற் பெரும்பகுதி இன்று கிடைப்பதில்லை. சில பகுதிகளே எஞ்சின. மேடைகளில் கிங் ஆற்றிய பேருரைகள் போற்றிக் காக்கப்பட்டன. அம்மேடைப் பேச்சுகளைக் காத்த அதே காலத்தில், நண்பரோடு நகைத்துப் பேசிய இரவுப் பேச்சு காக்கத்தக்கதென்று எவருக்கும் தோன்றவில்லை.

பொழுதுபோக்கு நிகழ்ச்சிதானே என்று நினைக்கலாம். 1969-ஆம் ஆண்டு ஜூலையில் மாந்தர் முதன்முதல் நிலவில் அடிவைத்த காட்சியை உலகமே பார்த்தது. நிலவிலிருந்து நேரே வந்த செய்தியலைகளைத் தெளிவுடன் பதிந்து வைத்த மூல நாடாக்களைப் பிற்காலத்திற் பலர் தேடினர். அவை துடைக்கப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமே 2009-இல் முடிவு கூறியது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான படிகள் இருந்தமையால் நாம் காட்சியை இழக்கவில்லை. அதன் தெளிவை இழந்தோம்.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது சற்று ஆறுதல் தருவது. பி.பி.சி. நிறுவனம் 1963-இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் தொடரின் பழைய பகுதிகள் பலவற்றை அந்நிறுவனமே அழித்துவிட்டது. எனினும், அழிந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று கிடைக்கிறது. தொடரில் ஆர்வம் மிக்க சிறுவரும் இளைஞரும் தத்தம் வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ஒலியைப் பதிந்து வைத்திருந்தனர். வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்ட படச்சுருள்கள் சிலவும் பிற்காலத்திற் கிடைத்தன. 2013-இல் ஒன்பது பகுதிகள் நைஜீரியா நாட்டிற் கண்டெடுக்கப்பட்டன.

இச்செய்தியைக் கேட்கும் தமிழ் மாணவருக்குப் புறத்திரட்டு நினைவுக்கு வருதல் இயல்பு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி முழுமையாகக் கிடைக்கவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்தில் அதன் ஏட்டை இளமையிற் கண்டிருந்தும், பின்னர்த் தேடியபோது அது கிட்டவில்லை. ஆயினும், முன்னோர் ஒருவர் தமக்கு உவப்பான பாடல்களைப் பல நூல்களினின்றும் எடுத்துப் புறத்திரட்டு என்று தொகுத்து வைத்தார். அத்தொகுப்பினாலேயே வளையாபதியின் பாடல்கள் பலவும், முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களும் நமக்குக் கிடைத்தன. நூலைப் படைத்த புலவர் பெயர் மறைந்தது. அதனைப் பேணிய அரண்மனைகளும் மறைந்தன. விருப்பத்தாற் படியெடுத்த ஒருவரின் உழைப்பே நின்றது. அதே வேலையைத்தான் இங்கிலாந்துச் சிறுவரும் செய்தனர்.

ஏட்டின் அழிவும் நாடாவின் அழிவும் முற்றும் ஒத்தவை அல்ல. பனையோலையில் எழுத்தாணி கீறியதை அழித்து மீண்டும் எழுதுதல் இயலாது. ஆகையால், ஏடு அழிந்தது புறக்கணிப்பால். கரையானும் ஈரமும் தின்றன. பழுதுற்ற ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கமும் நம் பக்கத்தில் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த பழஞ்சுவடிகள் வேள்வித்தீயில் இடப்பட்டன என்று கேட்டுச் சாமிநாதையர் உள்ளம் நொந்தார். மேலைநாட்டில் எழுதப் பயன்பட்ட தோலுக்கு வேறொரு துன்பம் இருந்தது. தோல் விலை மிக்கதாகையால், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேற் புதிதாக எழுதுவர். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடிசின் கணித நூற்படி ஒன்று அவ்வாறு சுரண்டப்பட்டு, 1229-ஆம் ஆண்டில் வழிபாட்டு நூலாக மாறியது. நாடாவுக்கு நேர்ந்ததும் இதுவே. ஆனால், தோலிற் சுரண்டிய எழுத்தின் சாயல் எஞ்சும். 1906-இல் அதனைக் கண்டறிந்தனர். நம் காலத்தில் ஒளிப்படக் கருவிகளாற் படித்தும்விட்டனர். துடைத்துப் பதிந்த நாடாவிலோ அவ்வாறு திரும்பப் பெறத்தக்கது ஒன்றும் இராது.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. அந்நாளிற் காட்சிநாடாக்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தன. பழைய நிகழ்ச்சியைத் துடைத்துப் புதியதைப் பதிவது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பொதுவான வழக்கமாயிற்று. எதனை வைத்துக்கொள்வது, எதனைத் துடைப்பது என்னும் கேள்வி எழுந்தபோது, தலைவர்களின் உரைக்கும் பெரிய வித்துவான்களின் கச்சேரிக்கும் முதலிடம் கிடைத்தது. உரையாடலும் பேட்டியும் கடைசி இடத்தில் நின்றன. இதற்காக நிலையத்தாரை ஏசுவது முறையன்று. இருக்கும் நாடா பத்து. நாளைக்கு வேண்டிய நிகழ்ச்சியோ பதினைந்து என்னும் நிலையில் நாம் இருந்தாலும் வேறு செய்திருக்க மாட்டோம்.

விலைக்கு விற்ற ஒலி பெரிதும் பிழைத்தது. விலையில்லாத ஒலி மாண்டது. நெல்லைச் சீமையின் குரல்களையே எடுத்துக்கொள்ளலாம். குற்றாலத்தை அடுத்த செங்கோட்டையிற் பிறந்து, நாடக மேடையில் இசையால் ஊரையே கட்டிப்போட்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், இருபத்தேழு வயதில் மறைந்தார். அவர் குரல் இன்றும் கேட்கிறது. இசைத்தட்டுகள் பல வீடுகளுக்கு விலையாகிச் சென்றமையே காரணம். சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சியில் தோன்றிய நாதசுர மேதை அருணாசலம் 1964-இல் மறைந்தார். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் அவர் வாசித்ததை இன்றும் திருமண வீடுகளிற் கேட்கலாம். ஆனால், அவ்விருவரும் பாடி முடித்து, வாசித்து முடித்து, நண்பர்களோடு அமர்ந்து எவ்வாறு பேசினர்? எட்டயபுரத்துப் பாரதியாரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. 1902-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிவிட்டது. அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். தம் பாடல்களைத் தாமே உரக்கப் பாடும் இயல்பினர். இருந்தும் அவர் குரல் ஒரு தட்டிலும் ஏறவில்லை.

திருநெல்வேலி நகரைச் சேர்ந்த வண்ணார்பேட்டையில், இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இல்லத்து முற்றத்திற் கூடிய அவை 'வட்டத்தொட்டி' எனப் பெயர் பெற்றது. வழக்கறிஞரும் ஆசிரியரும் எழுத்தாளரும் அங்கு வந்து அமர்வர். முதலியார் ஒரு பாடலைச் சொல்வார், மீண்டும் சொல்வார், நிறுத்தி, ஒரு சொல்லைச் சுவைத்து, வேறொரு தொனியில் மறுபடியும் சொல்வார். அதுவே விளக்கம். கம்பர் பாடல்களுள் மிகப் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதை முறையாகப் பாடங்கேட்ட புலவர்கள் ஏற்றிலர். யானும் ஏற்பவன் அல்லேன். எனினும், பாடலை அவர் வாயாற் கேட்டவர்கள் அதனை வாழ்நாள் முழுவதும் மறந்திலர் என்பது உண்மை. அவர் 1954-இற் குற்றாலத்தில் மறைந்தார். அவருடைய கட்டுரைகளும் கடிதங்களும் அச்சில் உள்ளன. கேட்டு மகிழ்ந்த பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் எழுதிவைத்த குறிப்புகளும் உள்ளன. ஆனால், ஒரு சொல்லை எங்கே நீட்டினார், எங்கே நிறுத்தினார், எப்போது சிரித்தார் என்பவை எழுத்தில் அடங்குவன அல்ல. வட்டத்தொட்டி தொடங்கிய நாளில், வீட்டில் வைத்துப் பதிவுசெய்யும் கருவி நம் ஊர்களில் ஏது? புறத்திரட்டில் எஞ்சிய முத்தொள்ளாயிரத்தை உவந்து அதற்கு உரை கண்டவர் அவர். அவர் பேச்சும் இப்போது திரட்டாகவே எஞ்சியுள்ளது.

கருவி வந்தபின்னும் நாம் எதைப் பதிந்தோம் என்பதனை வில்லுப்பாட்டைக் கொண்டு அறியலாம். நம் ஊர்களிற் கோயிற்கொடை நாளில், இரவு தொடங்கி விடியும்வரை வில்லுப்பாட்டு நிகழும். அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிப் பாடுவார். குடமும் உடுக்கும் தாளமும் கட்டையும் ஒலிக்கும். பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டுக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்பார். சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் எல்லா ஊருக்கும் பொது. இடையிடையே இருவரும் நிகழ்த்தும் பேச்சோ அந்த ஊருக்கும் அந்த இரவுக்கும் மட்டும் உரியது. பாளையங்கால்வாயிற் கடைமடைக்குத் தண்ணீர் வராத குறையும், புதிதாக வந்த மாப்பிள்ளையின் மீசையும், உறக்கத்தில் தலையாட்டும் பெரியவரின் குறட்டையும் அதில் வந்து விழும். கூட்டத்தை விடியும்வரை விழித்திருக்கச் செய்வது இப்பேச்சுத்தான். அமெரிக்கர் பின்னிரவில் இருக்கை போட்டுச் செய்ததை நம் அண்ணாவிகள் வில்லடியில் அமர்ந்து செய்தனர்.

பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை முதலியவற்றைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். அதனால் கதைகள் பிழைத்தன. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைத் தனித்துறையாகவே வளர்த்துள்ளது. நெல்லையைச் சேர்ந்த சுப்பு ஆறுமுகம் வில்லிசையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்று 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2022-இல் மறைந்தார். ஆனால், ஊர்க்கொடையில் ஒலிப்பெருக்கிக்காரர் நாடாவிற் பதிந்தபோதும், பாட்டு வரும்போது பொத்தானை அழுத்துவதும் பேச்சு வந்தால் நாடா வீணாகிறதென்று நிறுத்துவதும் உண்டு. அச்சிலும் இல்லை, நாடாவிலும் இல்லை என்ற நிலை அப்பேச்சுக்கு நேர்ந்தது.

இக்கேடு நிலையங்களோடு நின்றதன்று. ஆற்றங்கரைச் சிற்றூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த மகன் கொணர்ந்த டேப் ரெக்கார்டரில், முதியவர் ஒருவர் வாய்க்காலுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சிய காலத்தைப் பற்றிப் பேசியது பதிவாகியிருந்தது. சில ஆண்டுகளுக்குப்பின் வீட்டுப் பிள்ளைகள் அதன்மேல் திரைப்பாடல்களைப் பதிந்துகொண்டனர். கடைசிப் பாடல் முடிந்தபின், நாடா தீருமுன் உள்ள சிறிது இடத்தில் மட்டும் முதியவர் குரல் எஞ்சியது. அதில் அவர் இருமுகிறார். "தண்ணி கொண்டா தாயி" என்கிறார். வீட்டார் அதனையே இப்போது போற்றி வைத்திருக்கின்றனர்.

மாணவர்களே, 'கேசட்டு' என்று மக்கள் வழங்கும் ஒலிப்பேழைகள் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கக்கூடும். அவை நெடுங்காலம் தாங்குவன அல்ல. ஈரக்காற்றில் பூஞ்சை படரும். பூசிய துகள் ஒட்டிக்கொள்ளும் அல்லது உதிரும். அவற்றை இயக்கும் கருவிகளும் அருகி வருகின்றன. ஒன்று கிடைத்தால் உடனே ஓடவிடாதீர்கள். பூஞ்சை தென்பட்டால் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டித் தூய்மை செய்துகொள்ளுங்கள். நல்ல நிலையிலுள்ளதை ஒருமுறை மெல்லச் சுற்றிவிட்டு, பின்னர்க் கணினியிற் படியெடுங்கள். ஒரு படியை உங்கள் வீட்டிலும் மற்றொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றைப் பெரியோரைக் கேட்டு எழுதி, பேழையோடு சேர்த்து வையுங்கள். பெயர் தெரியாத குரலை அடுத்த தலைமுறையார் அடையாளம் காண்பதரிது. பேழையை ஒலிப்பெருக்கியின் அருகில் வைத்தல் கூடாது. அதனுள் இருக்கும் காந்தம் பதிவைக் கெடுக்கும்.

பேழையின் பின்விளிம்பில், இரு மூலைகளிலும் சிறு பிளாஸ்டிக் தகடு ஒவ்வொன்று இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் பதிவுப் பொத்தான் கீழே இறங்காது. பழைய பதிவு அழியாது. ஒடித்த துளையை ஒட்டுத்தாளால் மூடினால் மீண்டும் பதியலாம். இதனையும் அந்நாளைப் பிள்ளைகள் எப்படியோ அறிந்து வைத்திருந்தனர்.